உப்பு குடித்த புல்தரை

போன வாரம் எங்கள் அடுக்ககத்தில் புல் விரித்தார்கள். நட்டார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் லாரியில் பாய் மாதிரி சுருட்டிக் கொண்டுவந்ததைத் தரையில் விரித்து, ஓரங்களில் பசை தடவி ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போன கோடையில் வைட்ஃபீல்டில் தண்ணீர் லாரிக்காக நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு, குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு நிஜப் புல் இனி வேண்டாம் என்று குடியிருப்போர் சங்கத்தில் முடிவெடுத்திருந்தார்கள். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். என் மகள் முதல் நாளே அதில் உருண்டு எழுந்து, "அப்பா, டிரெஸ்ல அழுக்கே ஆகல" என்று நற்சான்றிதழ் கொடுத்துவிட்டாள்.

மத்தியான வெயிலில் அதன்மேல் வெறுங்காலோடு நின்று பார்த்தேன். சுட்டது. புது பிளாஸ்டிக் வாளியை வெயிலில் வைத்தால் வருமே, அந்த வாசனை. அப்படியும் என் கண் நேராக ஓரத்துக்குத்தான் போனது. எந்தப் புல்தரையைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது ஓரத்தை. மஞ்சள் அங்கேதான் ஆரம்பிக்கும். குனிந்து ஓர் இழையைப் பிடித்து இழுத்தும் பார்த்தேன். பிளாஸ்டிக் காயாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பெங்களூரு, மே மாதம், புல் என்று மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் இன்றைக்கும் என் கை சும்மா இருக்காது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்ததால், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி சட்டைப்பையைத் தடவிக்கொண்டே நகர்ந்துவிட்டேன்.

இந்த வியாதியை எனக்குக் கொடுத்தவர் ராஜகோபால் அங்கிள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை கிடைத்து திருப்பத்தூரிலிருந்து வந்த புதிதில் ஒரு பிஜி விடுதியில் இருந்தேன். ஓர் அறைக்கு ஆறு பேர். ஹாலில், மாடிப்படியில், தலையணை உறையில் எல்லாம் காலிஃபிளவர் பொரியல் வாசனை. தப்பித்தால் போதும் என்று வீடு தேடியபோது, ஹெப்பகோடிக்கு உள்ளே தள்ளி ஒரு லேஅவுட்டில் மாடியறை காலியாக இருப்பதாக ஆபீசில் ஒருவர் சொன்னார். அந்த நாளில் வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒரே கேள்வித்தாள் வைத்திருப்பார்கள்: எந்தக் கம்பெனி, சைவமா அசைவமா, சிநேகிதர்கள் வந்து தங்குவார்களா. பதில்களை பஸ்ஸிலேயே தயார் செய்துகொண்டு போனேன். கதவைத் திறந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை. என் ஷூவைப் பார்த்தார்.

"அதைக் கழட்டுப்பா. சாக்ஸையும்."

வீட்டுக்குள் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன். அவர் வாசற்படியில் இறங்கிப் பக்கவாட்டில் இருந்த புல்தரைக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தினார்.

"எப்டி இருக்கு?"

"ஜில்லுன்னு இருக்கு சார்."

"ஹௌதா?" என்று சிரித்தார். மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பம். 'அப்படியா' என்று நாம் கேட்கும் இடத்திலெல்லாம் அவருக்கு இந்தக் கன்னட வார்த்தைதான் வரும். அறை கிடைத்துவிட்டது என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

அவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அரசு பங்களா ஒன்று இருக்கும். அதன் முன்னால் ஒரு புல்தரையும் இருக்கும். மந்திரி வந்தால் நாற்காலிகளைப் புல்லில் போடுவார்கள். இன்ஜினியர்கள் ஃபைலைப் பிடித்துக்கொண்டு சிமெண்ட் ஓரத்தில் நிற்க வேண்டும். "சர்வீஸ் பூரா ஓரத்துலயே நின்னேன் தம்பி" என்பார். அதனால் சொந்தமாக இடம் வாங்கியபோது பாதியில் வீடு கட்டி, மீதிப் பாதியில் புல் போட்டார். இன்னொரு வீடு கட்டி வாடகைக்கு விடலாமே என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சாயங்காலம் அவரும் ஆன்ட்டியும் ஆளுக்கொரு பிரம்பு நாற்காலியை நடுப்புல்லில் போட்டு காபி குடிப்பார்களாம். நான் போன காலத்தில் ஒரு நாற்காலிதான் வெளியே வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் முனிரத்னம் வருவார். ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை, லீவு நாளில் புல் வெட்டும் வேலை. என் வயதுதான். கையால் தள்ளுகிற பழைய புல்வெட்டி ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அது கரகரவென்று போகும் சத்தத்திலும் வெட்டிய புல்லின் பச்சை வாசனையிலும்தான் எனக்கு ஞாயிறு விடியும். இப்போதெல்லாம் எனக்கு ஞாயிறு விடிவது பக்கத்து ஃப்ளாட்டில் சுவரைத் துளை போடும் சத்தத்தில். சரி, அது வேறு கதை.

இரண்டாவது வருடம் பிப்ரவரியில் அங்கிள் மெல்போர்னுக்குக் கிளம்பினார். ஒரே மகள் வித்யா அக்கா அங்கே இருந்தார். "மூணே மூணு மாசம். மே கடைசில வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுச் சாவியைக் கொடுக்க ஒரு நிமிஷமும் புல்லை ஒப்படைக்க ஒன்றரை மணி நேரமும் எடுத்துக்கொண்டார். விடியற்காலையில்தான் தண்ணீர் விட வேண்டும். வெயில் காலத்தில் ஒட்ட வெட்டவே கூடாது. இரண்டு விரற்கடை உயரமாவது நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வேர் வெந்துவிடும். கோரை முளைத்தால் கிழங்கோடு தோண்டி எடுக்க வேண்டும். கடைசியாக, ஞாயிறுதோறும் வாசற்படியில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"தெனமும் ஒரே எடத்துல நின்னு எடு தம்பி. காம்பவுண்ட் செவுரு தெரியணும். அப்பதான் வித்தியாசம் தெரியும்."

தினமும் இல்லை, ஞாயிற்றுக்கிழமை என்று நான் திருத்தினேன். "ஹௌதா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. அவருடைய டாக்ஸி திரும்பிய கையோடு முதல் போட்டோவை எடுத்தேன். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. சுவருக்குப் பின்னால் பக்கத்து மனையில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடம்கூட அழகாக விழுந்திருந்தது. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருந்த என் அக்காவுக்கும் அதை மெயிலில் அனுப்பிப் பீற்றிக்கொண்டேன்.

மார்ச் மாதம் எப்படியோ ஓடியது. ஏப்ரலில் போர்வெல் இருமத் தொடங்கியது. மோட்டார் போட்டால் தண்ணீர், காற்று, தண்ணீர், காற்று என்று மாறி மாறி வரும். பிறகு வெறும் காற்று. நான் சுபாவத்திலேயே கவலைப்படுகிறவன். ரயில் ஏறிய பிறகும் டிக்கெட்டின் தேதியைச் சரிபார்க்கிறவன். அந்த மாதம் என் காது மோட்டாரிலும் கண் வானத்திலும்தான் இருந்தது. லாரித் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு முறை வரும் என்பார்கள். ஒரு முறை வரும். குளிக்க, குடிக்கப் போக மிஞ்சுவதைப் புல்லுக்கு விட்டேன். பிறகு குளிப்பதைக் குறைத்தேன். அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர் எதையும் விடவில்லை. எங்கள் கம்பெனி வளாகத்தில் ஏரி அளவுக்குப் புல்வெளி. அதன்மேல் நாள் முழுக்க ஸ்ப்ரிங்க்ளர் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும். சாப்பாட்டு இடைவேளையில் அதன் ஓரத்தில் நின்று வயிறெரிவேன். ஒருநாள் பொறுக்காமல் உட்கார்ந்து மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தபோது செக்யூரிட்டி ஓடிவந்து, "ஏனாதரு களெது ஹோய்தா சார்?" என்று கேட்டார். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று. ஆமாம் என்று சொல்லி இருவருமாகக் கொஞ்ச நேரம் தேடினோம்.

அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை வந்தது.

பெங்களூருப் பக்கம் ஆழ்குழாய்த் தண்ணீர் வெறும் சுண்ணாம்பு. வாளி வெள்ளை பூக்கும், தலைமுடி கையோடு வரும். அதற்காகப் பல வீடுகளின் பின்பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் உருளை நிற்கும், தண்ணீரை மென்மையாக்கும் ஸாஃப்ட்னர். அங்கிள் வீட்டிலும் ஒன்று இருந்தது. வாரம் ஒருமுறை அதற்குள் உப்பைக் கரைத்து விட்டு அலச வேண்டும். லாரித் தண்ணீர் இன்னும் கடினம் என்பதால் நான் இரண்டு முறை அலசிக்கொண்டிருந்தேன். அலசிய தண்ணீர் ஒரு குழாய் வழியே குபுகுபுவென்று சாக்கடைக்குப் போகும். பளிங்கு மாதிரி இருக்கும். ஊரே ஒரு குடத்துக்கு அலைகிற காலத்தில் இவ்வளவு நல்ல தண்ணீர் வீணாகிறதே, இது அங்கிளுக்குக்கூடத் தோன்றவில்லையே என்று எனக்குக் கர்வமே வந்துவிட்டது. பச்சை ஹோஸ் ஒன்று வாங்கி அந்தக் குழாயில் செருகி, மறுமுனையைப் புல்லில் போட்டேன்.

உப்பை மூட்டையாக வாங்கி வந்தவன் நான். வாளியில் கரைத்து உருளைக்குள் கொட்டியவன் நான். உள்ளே போன உப்பு எந்த வழியாக வெளியே வருகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. நான்கு வருடம் இன்ஜினியரிங் படித்தவன்.

இரண்டு வாரத்தில் ஓரங்கள் மஞ்சளாயின. வெயில் என்று நினைத்தேன். வெயிலுக்கு மருந்து தண்ணீர் என்பதால் இன்னும் கொஞ்சம் விட்டேன். அது இன்னும் மஞ்சளானது. காலையில் பல் துலக்கும் முன்பே இறங்கி ஓடிப் பார்ப்பேன்; ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது கண்ணுக்குள் அதுதான் பரவும். நுனி பழுத்து, இழை சுருண்டு, பழைய செய்தித்தாள் நிறத்துக்கு வந்தது. மே முதல் வாரம், ஷிப்ட் மாறியதால் ஒரு மாதமாக வராமலிருந்த முனிரத்னம் கேட்டைத் திறந்தவர் திறந்தபடி நின்றுவிட்டார்.

"இன்னா சார் ஊத்துனீங்க?"

"தண்ணிதான்."

அவர் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்தார். துப்பினார். என் பச்சை ஹோஸ் எங்கே போகிறது என்று கண்ணாலேயே பின்தொடர்ந்து போய், திரும்பி வந்தார்.

"கருவாடு போடலாம் சார் இதுல."

"பொழைக்குமா முனிரத்னம்?"

"மழ வந்து கழுவணும். வேரு உசுரோட கீதான்னு அப்பறம்தான் தெரியும். பெரியவரு எப்ப வராரு?"

மே கடைசி என்று சொன்னேன். வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்பதல்ல என் பயம். மனைவி போன பிறகு அவருக்கென்று இருந்தது அந்த ஒரு துண்டுப் பச்சை. அதை நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். நான் உப்புப் போட்டு வைத்திருந்தேன்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் போட்டோ எடுக்கப் போனேன். முதல் ஞாயிறு, இன்னும் பச்சையாக இருந்த பகுதியைக் கிட்டே போய் எடுத்து அனுப்பினேன். அங்கிளுக்கு டைப் அடிக்கப் பொறுமை கிடையாது, பேசித்தான் அனுப்புவார். "ஏன் தம்பி இவ்ளோ கிட்டப் போயிட்ட? செவுரே தெரியலயே" என்று வந்தது. அடுத்த ஞாயிறு கொய்யா மர நிழலில் பிழைத்திருந்த ஒரு மூலை, அதையும் உட்கார்ந்து, கேமராவைத் தரையோடு வைத்து எடுத்தேன். காடு மாதிரி தெரிந்தது. அதற்கடுத்த ஞாயிறு அந்த மூலையும் போய்விட்டது. நான் அக்காவுக்கு அனுப்பிய பிப்ரவரி மெயிலைத் தேடி எடுத்து, அந்தப் படத்தை அவருக்கு மறுபடி அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தேன். 

ஒரு மணி நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"தம்பி, போட்டோ பாத்தேன். புல்லு ஜோரா இருக்கு. ஒண்ணே ஒண்ணுதான் புரியல. ஏப்ரல்ல நீ அனுப்புனதுல பக்கத்து பில்டிங்குக்கு மூணாவது மாடி சென்ட்ரிங் அடிச்சிருந்தான். இப்ப பாத்தா ரெண்டு மாடிதான் இருக்கு. ஒரு மாடிய இடிச்சுட்டாங்களா? சும்னே, சும்மா கேக்கறேன்."

வாழ்க்கை முழுக்கக் கட்டடத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவரிடம் புல்லை மட்டும் காட்டி ஏமாற்றப் பார்த்திருக்கிறேன். அந்தக் குரலை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று கணக்கில்லை. கோபம் இருக்கிறதா என்று தேடினேன், தெரியவில்லை. தெரியாதது இன்னும் கலவரமாக இருந்தது. அன்றைக்கும் மறுநாளும் பதில் போடவில்லை, சோறும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலை கம்பெனி கேபை விட்டுவிட்டு, காய்ந்த புல் நடுவில் நின்று அவரைக் கூப்பிட்டேன். உப்பு, ஹோஸ், மூலை, பழைய போட்டோ என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தேன். 

"எவ்ளோ காஞ்சிருக்கு?" என்றார் அங்கிள்.

"முக்காவாசி அங்கிள். அதுக்கும் மேலயே இருக்கும்."

"ஹௌதா?"

ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. அவர் குரல் தணிந்து வந்தது. "அதை போட்டோ எடுத்து அனுப்பு தம்பி. நல்ல வெயில்ல, பளிச்சுனு தெரியற மாதிரி எடு. ஒண்ணு பத்தாது."

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "இந்த வித்யா இருக்காளே, ஞாயித்துக்கெழம ஆனா உன் போட்டோவ என்கிட்ட காட்டுவா. 'பாருங்கப்பா, வீடு நல்லாத்தான இருக்கு, அந்தப் பையன் எவ்ளோ நல்லா பாத்துக்கறான், நீங்க போயி என்ன செய்யப் போறீங்க'ங்கறா. மே டிக்கெட்ட ஆகஸ்டுக்குத் தள்ளிட்டா. இங்கயே இருக்கறதுக்கு விசா பேப்பர் போடணும், வீட்ட வித்துடணும்னு அவ வீட்டுக்காரரோட பேசிட்டிருக்கா. அவ மேல தப்பு சொல்லல, பாசந்தான். ஆனா எனக்கு இங்க கால் வெக்க எடமில்ல தம்பி. வீடு பூரா கார்ப்பெட்டு."

அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் அனுப்பிய ஒவ்வொரு பச்சையும் அவர் வீடு திரும்பும் வழியை அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆபீசுக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானம் பதினோரு போட்டோ எடுத்தேன், எல்லாமே வாசற்படியில் நின்று, காம்பவுண்ட் சுவர் தெரிய. ஒன்றில், கூப்பிட்டு வரவழைத்த முனிரத்னத்தை நடுவில் நிற்க வைத்தேன். சொல்லாமலே துக்க வீட்டு முகத்தோடு நின்றார்.

அப்புறம் மூன்று நாள் எந்தச் செய்தியும் இல்லை. நாலாவது நாள் வித்யா அக்காவே கூப்பிட்டார். 

"அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல. அந்தப் புல்லு ஃபோட்டோவயே பாத்துட்டு ஒக்காந்திருக்கார். உண்மையச் சொல்லுங்க, நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா?"

"இல்லக்கா. நெஜமாவே செத்துப்போச்சு. நாந்தான் உப்புத் தண்ணி விட்டேன். எனக்கு இத சரி பண்ணத் தெரியாது."

"ஆள வெச்சு பண்ண முடியாதா?"

இதற்கு முடியும் என்பதுதான் சரியான பதில். புதுப் புல் விற்கிற நர்சரி அந்தச் சாலையிலேயே இரண்டு இருந்தது. "முடியாதுக்கா. அங்கிள் வந்தாதான் முடியும்" என்றேன். நான் சொன்ன பொய்களில் இது ஒன்றுக்குத்தான் இன்றுவரை வெட்கப்படவில்லை.  "அப்ப மாத்திரை எல்லாம் நீங்கதான் ஞாபகப்படுத்தணும்" என்றார் அக்கா.

ஜூன் முதல் வாரம் வந்து இறங்கினார். முந்தின நாள்தான் முதல் மழை பெய்திருந்தது. பெட்டியை இறக்குவதற்குள் கேட் அருகிலேயே ஷூவைக் கழற்றி, சாக்ஸைக் கழற்றி, அந்தக் காய்ந்த தரைமேல் நடந்து நடுவில் போய் நின்றார். நான் தலையைத் தூக்கவில்லை.

"எப்டி அங்கிள் இருக்கு?"

"குத்துது" என்றார். அவருக்குச் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது. "அது சரி, நீ இன்ஜினியர்தானே?"

திட்டியது அவ்வளவுதான். நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, அந்த வைக்கோல் நடுவில் உட்கார்ந்து காபி குடித்தார். மழை உப்பைக் கழுவக் கழுவ ஓரங்களில் மறுபடி துளிர்த்தது. நடுவில் வேர் செத்திருந்தது. அங்கே புதுப் புல் பதித்தோம். கடைசிவரை அது இரண்டு விதப் பச்சையாகவே இருந்தது. அவர் அதற்காக ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. நான்கு வருடம் அந்த இரண்டு பச்சைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு செப்டம்பரில், அந்த வீட்டிலேயே போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் ஒரு வேலையாக எலெக்ட்ரானிக் சிட்டி போனவன், கேபை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னேன். வீடு இல்லை, புல் இல்லை, கொய்யா மரமும் இல்லை. ஐந்து மாடிக்கு ஒரு பிஜி நிற்கிறது. புல் இருந்த இடத்தில் வரிசையாக பைக்குகள். காலிஃபிளவர் வாசனை தெருவரை வந்தது. பக்கத்துக் கட்டடம் மட்டும் அப்படியே இருக்கிறது, கொஞ்சம் பாசி பிடித்து. முனிரத்னத்தின் பழைய நம்பரைப் போட்டுப் பார்த்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்று கன்னடத்தில் சொன்னது.

அந்தப் பதினோரு படங்களும், மற்ற ஞாயிற்றுக்கிழமைகளும், அவருடைய குரலும் பழைய ஃபோனோடு போய்விட்டன. மெயிலில் கிடந்ததால் அந்த ஒரே ஒரு படம்தான் மிச்சம், நான் பொய்யாக அனுப்பியது. பச்சைப் பசேலென்று புல், சுவர், சுவருக்குப் பின்னால் இரண்டே மாடி. கேபில் உட்கார்ந்து அதைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே நிற்கும் கட்டடத்தை ஒவ்வொரு மாடியாக எண்ணினேன். அவர் கேட்டதற்கு இவ்வளவு காலம் கழித்து ஒழுங்காகப் பதில் சொல்லத் தோன்றியது. அந்தப் பக்கம் யாரும் எதையும் இடிக்கவில்லை, அங்கிள். இந்தப் பக்கம்தான்.